விடுமுறைக் காலத்தில் தொலைந்துபோகும் சந்தோஷம்

டிசம்பர் பிறந்துவிட்டால் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி வரும்: "எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், நான் மட்டும் இது எப்போது முடியும் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்." தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டே பலரும் இதைச் சொல்வார்கள். அப்படியில்லை. செலவு, பயணம், உறவினர் வருகை, வருடக் கடைசி வேலை எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழும் மாதம் இது. களைப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம்.

குளிர் நாடுகளில் இருப்பவர்களுக்கு வெளிச்சமும் குறைந்துவிடுகிறது. பூமியின் வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22தான் ஆண்டிலேயே குறுகிய பகல். காலை வெளிச்சம் போதாவிட்டால் உடலின் கடிகாரம் பின்தங்கும். தூக்கமும் மனநிலையும் அதோடு சேர்ந்து சரியும். மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் உடன் பணியாற்றியவர்களும் 1984ல் இதைப் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தார்கள். வீட்டு விளக்கு தருவது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான். மேகம் மூடிய பகலில்கூட வெளியே அதைவிடப் பல மடங்கு இருக்கும். அதனால் காலையில் அரை மணி நேரமாவது வெளியே நடங்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் நான் அதிகம் பார்ப்பது வேறொன்று. கொண்டாட்டத்தை நடத்துகிறவருக்கு அதில் உட்கார நேரமே இருப்பதில்லை. ஒரு பெண்மணியிடம், "விருந்தில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். எந்தத் தட்டு குறைந்தது, யார் முகம் சுளித்தார் என்பதெல்லாம் நினைவிருந்தது. என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லை. அடுத்த முறை, செய்யவேண்டிய வேலைகளையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இதை யார் கேட்டது?" என்று குறிக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் யாரும் கேட்டதில்லை! சிலவற்றை விட்டார், சிலவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது முதலில் அவருக்கு வருத்தமாக இருந்தது. அப்புறம்தான் நிம்மதி.

சரி, மிச்சமான நேரத்தில் என்ன செய்வது? "மனசு சரியானதும் பாடுவேன், வரைவேன்" என்று காத்திருக்காதீர்கள். சோர்ந்த மனம் ஆசையை முன்கூட்டித் தராது. உளவியலாளர் பீட்டர் லூவின்சன் 1970களில் வலியுறுத்தியது இதைத்தான்: பிடித்த செயல்கள் குறையக் குறைய மனச்சோர்வு கூடும்; சோர்வு கூடினால் செயல்கள் இன்னும் குறையும். இந்தச் சுழலைச் செயலின் பக்கத்திலிருந்து உடைப்பதுதான் சுலபம். முன்பு பிடித்திருந்த ஒன்றை, பத்து நிமிடம் போதும், நாளும் நேரமும் குறித்துச் செய்யுங்கள். முதல் சில தடவை ஒன்றுமே தோன்றாது. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். செய்யும்போது போனைத் தள்ளி வையுங்கள். கவனம் வேறெங்கோ இருந்தால் சந்தோஷம் வந்ததுகூடத் தெரியாது.

நெருங்கியவரை மரணத்தில் இழந்த வருடமாக இருந்தால் கொண்டாடியே ஆகவேண்டும் என்றில்லை. போய்விட்டவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்; அழுகை வந்தால் வரட்டும். தூக்கத்துக்காக மது குடிப்பதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள், அது தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒளிச் சிகிச்சை விளக்கையும் (வெளிச்சக் குறைவால் வரும் சோர்வுக்குப் பயன்படுத்தும் பிரகாசமான விளக்கு) மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். இருமுனை மனநோயோ (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போவது) கண் கோளாறோ உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடுமுறை முடியட்டும் என்று பொறுக்கவே வேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், அவசர உதவியை அழையுங்கள்.