"நடிக்கிறான்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்

"அவனுக்கு எல்லாம் தெரியும் டாக்டர், வேணும்னே நடிக்கிறான்." இந்த வாரமும் ஒரு அப்பா சொல்லிவிட்டார். மகனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகிறது. "எனக்கு ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் என்னைப் பற்றியே பேசுகிறார்கள்" என்கிறான். வீட்டில் இதற்குத் திமிர் என்று பெயர் வைத்து அடியும் கொடுத்திருக்கிறார்கள்.

தனக்கு நோய் இருப்பது தெரியாமல் போவதும் இந்த நோயில் சேர்த்திதான். பக்கவாதம் வந்த சிலர், அசையாத கையைக் காட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பார்கள். அவர்களை யாரும் அடிப்பதில்லை.

"பத்தாம் வகுப்பு மார்க்கைக்கூட மறக்கவில்லையே, மூளையில் என்ன கோளாறு?" இது அடுத்த கேள்வி. பழையது நினைவிருந்தால் மற்றதெல்லாம் சரி என்று ஆகிவிடுமா? கவனம், திட்டமிடுதல், தப்பென்று தெரிந்ததும் வழியை மாற்றிக்கொள்வது, இவைதான் அடிபடுகின்றன. சீட்டுகளை வகை பிரிக்கச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. நிறத்தை வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கும்போது சொல்லாமலே விதியை வடிவத்துக்கு மாற்றிவிடுவோம். 'தவறு, தவறு' என்று சொல்லிக்கொண்டே இருந்தாலும் பலர் நிறத்தை விடமாட்டார்கள். நோயை உணராததில் இந்தத் தடுமாற்றத்துக்கும் பங்கு உண்டு. முழுப் பங்கு இல்லை. கெட்டிக்காரர்களும் மறுப்பார்கள், பைத்தியம் என்ற பட்டத்துக்குப் பயந்து மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே வாதாடாதீர்கள். தூக்கமில்லை, பயமாக இருக்கிறது என்று அவரே சொல்வதைப் பிடித்துக்கொண்டு கூட்டி வாருங்கள். சாம்பாரில் மாத்திரை கலக்காதீர்கள்! கண்டுபிடித்துவிட்டால், சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்ற அவருடைய சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி. மாதம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, கேளுங்கள். கவனமும் திட்டமிடுதலும் தடுமாறுவதால், வேலைகளை அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இந்நோய் மருந்துகளால் வரும் நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் என்ற மாத்திரை ஞாபகத்தை மந்தமாக்கும். பழைய மருந்துச் சீட்டைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்குகிறவர்கள், அது இன்னும் தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். (எங்கள் துறையிலும் இதைத் திரும்பப் பார்க்கும் பழக்கம் போதாது.) நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உயிருக்கு ஆபத்து என்றால், சம்மதிக்காதவரையும் மருத்துவமனையில் சேர்க்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வழி உண்டு. சங்கிலிக்கு அதில் இடமே இல்லை.

அப்புறம், மருந்து வேலை செய்து "எனக்கு நோய்தான்" என்று அவரே சொன்னால், சந்தோஷத்தில் அசந்துவிடாதீர்கள். போன படிப்பும் வேலையும் கல்யாணப் பேச்சும் அப்போதுதான் உறைக்கும். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரக்கூடிய சமயம் அது. பேச்சு குறைந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வாருங்கள். நடுராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம்.