பார்ஸ் என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

“கான்ஃபிக் பார்ஸ் ஆகல.” கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வலைத்தளம் செய்து கொடுக்கும் எந்த அலுவலகத்திலும் இதை யாராவது சொல்லிக் கேட்கலாம். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் விஷயம் புரிந்துவிடும்: வெப் சர்வருக்கு, அதாவது தளத்தின் பக்கங்களைக் கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் நிரலுக்கு, எழுதிக் கொடுத்த அமைவுக் கோப்பில் எங்கேயோ தப்பு, சர்வர் ஏற்க மாட்டேன் என்கிறது. ஆனால் அந்த பார்ஸ் உள்ளே என்ன செய்கிறது, தப்பு ஒரு வரியில் இருக்க ஏன் அடுத்த வரியைக் காட்டுகிறது என்று கேட்டால் “படிக்குது, படிக்க முடியல” என்பதோடு பேச்சு நின்றுவிடும். படிப்பது அல்ல அது. பிரிப்பது.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே பார்ஸ் என்றால் பாகம், பகுதி. லத்தீன் இலக்கணம் நடத்தும் ஐரோப்பிய வாத்தியார் ஒரு சொல்லைக் காட்டி, இது எந்த ‘பார்ஸ் ஒராஷியோனிஸ்’, அதாவது பேச்சின் எந்தப் பகுதி, பெயரா வினையா என்று கேட்பார். அந்த வகுப்பறைக் கேள்வியிலிருந்துதான் 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பார்ஸ் ஒரு வினைச்சொல்லாக ஆனது, வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் சொல்வது என்ற பொருளில். 1960இல் வெளிவந்த அல்கால் என்ற கணினி மொழியின் அறிக்கை நிரல்மொழிக்கும் முறையான இலக்கணம் எழுதிக் காட்டியது, 1965இல் கணினி அறிஞர் டொனால்ட் கனூத் அப்படிப்பட்ட இலக்கணங்களை இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் பிரிக்கும் வழியைச் சொன்னார். வாத்தியார் கேட்டதை அதற்கப்புறம் கணினி கேட்கிறது, அவ்வளவுதான்.

சரி, தமிழில்? பகுப்பாய்வு என்று எழுதுகிறார்கள். அது அனாலிசிஸ் என்பதற்கு எப்போதோ போய்விட்டது, ரத்தப் பரிசோதனையிலிருந்து தேர்தல் முடிவு வரை எல்லாவற்றுக்கும் பகுப்பாய்வுதான். பாகுபடுத்தல் பரவாயில்லை, ஆனால் ‘பாகுபாடு’ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் காதில் வேறு மாதிரி விழுகிறது. உண்மையில் அப்படியே பொருந்தும் சொல் பகுத்தறிதல். ஆனால் பார்ஸரைப் பகுத்தறிவாளர் என்று டெல்டாவில் சொல்லிப் பாருங்கள், கறுப்புச் சட்டை போட்டவர் யாராவது திரும்பிப் பார்ப்பார்.

நான் வெறும் ‘பகு’ போதும் என்பேன். பார்ஸ் பகுத்தல், பார்ஸர் பகுப்பி, பார்ஸ் எரர் பகுபிழை. இதில் புதிதாகக் கண்டுபிடித்தது எதுவும் இல்லை, பவணந்தியின் நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்றுதான் பிரிக்கிறது. ‘வந்தான்’ என்பதை வா, ந், த், ஆன் என்று பிரித்து, பகுதி இது, விகுதி இது, சந்தி த், அது ந் ஆனது விகாரம் என்று பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக எழுதினோமே, அது முழுக்க முழுக்க பார்ஸிங். அதே ‘பகு’விலிருந்துதான் பகுதி, பங்கு எல்லாம் வருகின்றன, நம் ஊரில் கீரைக்கும் நாற்றுக்கும் கட்டுகிற பாத்தியும் அந்தக் குடும்பம்தான். பாத்தி என்றால் பகுக்கப்பட்டது.

இந்தப் பாத்தியை வைத்துக்கொண்டு என்ஜின்எக்ஸ் கோப்பு ஒன்றைப் பார்க்கலாம். இகோர் சிசோயெவ் எழுதி 2004இல் வெளியிட்ட சர்வர் இது. கோப்பில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், இங்கே ஒலிப்பை எழுதுகிறேன். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக் கடை ஒன்றின் தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சர்வர்’ என்று எழுதி நெளி அடைப்பைத் திறக்கிறோம். முதலில் எந்த வாயிலில் (போர்ட்) கேட்க வேண்டும் என்று ‘லிசன் 80’, அடுத்த வரியில் ‘சர்வர்_நேம்’ போட்டுக் கடையின் முகவரி, அதற்கடுத்து ‘ரூட்’ போட்டுக் கோப்புகள் இருக்கும் இடம், அப்புறம் ‘இண்டெக்ஸ்’ போட்டு முதல் பக்கத்தின் கோப்பு. ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் அரைப்புள்ளி, எல்லாரும் செமிகோலன் என்பது. அதுதான் வரப்பு. நீங்கள் வரி மாற்றியதை என்ஜின்எக்ஸ் கண்டுகொள்வதே இல்லை, அதற்கு வரி முறிவும் ஒரு இடைவெளிதான். வரப்பு இல்லையென்றால் தண்ணீர் அடுத்த பாத்திக்குள் போய்விடும்.

‘லிசன் 80’க்குப் பின்னால் அரைப்புள்ளியை விட்டுவிட்டால், அடுத்த வரியிலிருக்கும் ‘சர்வர்_நேம்’ லிசனுக்குக் கொடுத்த அளவுருவாகிவிடும், அதாவது 80 மாதிரி கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் மதிப்பாகிவிடும். சர்வர் உடனே “இன்வேலிட் பாராமீட்டர் சர்வர்_நேம்” என்று கத்தும், வரி எண்ணாக அடுத்த வரியைக் காட்டும். அந்த வரியை எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும் அதில் ஒரு தப்பும் இருக்காது. ‘ரூட்’ வரியில் விட்டால் “ரூட்டுக்குக் கொடுத்த அளவுருக்களின் எண்ணிக்கை சரியில்லை” என்று வரும், ஏனென்றால் ரூட் ஒன்றைத்தான் ஏற்கும், இப்போது இண்டெக்ஸும் அதன் கோப்பும் சேர்ந்து மூன்று. பெயரைச் சரியாகச் சொல்கிறது, வரியைத் தள்ளிச் சொல்கிறது. மூடும் அடைப்பை மறந்தால் இன்னும் மோசம், கோப்பின் கடைசி வரி வரைக்கும் போய்விட்டுத்தான் “எதிர்பாராமல் கோப்பு முடிந்துவிட்டது” என்று புலம்பும். பகுபிழையில் வரும் எண், தப்பு நடந்த இடம் அல்ல, பகுப்பிக்கு அதற்கு மேல் போக முடியாமல் போன இடம். அங்கிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும்.

இதையெல்லாம்விட வில்லங்கமானது ‘சர்வர்_நேம்’ வரியில் அரைப்புள்ளி விட்டுப்போவது. அது எத்தனை பெயர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எனவே ‘ரூட்’ என்பதும் அதற்குப் பின்னாலிருக்கும் கோப்புறைப் பாதையும் கடைக்கு இன்னும் இரண்டு முகவரிகளாகிவிடும்! ‘என்ஜின்எக்ஸ் -டி’ என்று சோதித்துப் பார்த்தால் “சின்டாக்ஸ் இஸ் ஓகே” என்றே வரும். பாதையில் சாய்கோடு இருப்பதால், சர்வர் பெயரில் சந்தேகத்துக்குரிய குறி இருக்கிறது என்று ஒரு எச்சரிக்கை மேலே ஓடும், அதை யாரும் படிப்பதில்லை. தளத்தைத் திறந்தால் குத்துவிளக்கு இருக்காது. ரூட் கொடுக்கப்படாததால் சர்வர் தன் சொந்தக் கோப்புறைக்குப் போய்விடும், பெரும்பாலும் “வெல்கம் டு என்ஜின்எக்ஸ்” என்ற பக்கம்தான் வரவேற்கும். பகுத்தல் இலக்கணப்படி நூற்றுக்கு நூறு சரி, பொருள்தான் வேறு. தாமரை என்பதைப் பூவாகவும் படிக்கலாம், தா, மரை என்று பிரித்துத் தாவுகிற மானாகவும் படிக்கலாம் என்று இலக்கணக்காரர்கள் பொதுமொழிக்கு, அதாவது சேர்ந்தால் ஒரு பொருளும் பிரித்தால் வேறு பொருளும் தரும் சொல்லுக்கு, எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

பதம் பிரிப்பது நம் பக்கத்தில் ஒரு காலத்தில் பெரிய வேலை. ஏட்டுச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது, பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இருக்காது, எகரமா ஏகாரமா என்பதும் தெரியாது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் முன்னால் கிடந்தது அப்படிப்பட்ட ஏடுகள்தான். வரப்பே இல்லாத வயலில் பாத்தி எது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் அவருக்குப் பொருள் தெரியும், இந்த இடத்தில் இந்தச் சொல் வராது என்று நிறுத்த முடியும். சர்வருக்கு அது முடியாது.

அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வர் வேறு ரகம். அங்கே வரி முடிந்தால் கட்டளை முடிந்தது, அரைப்புள்ளி கிடையாது, நீளமான கட்டளையை அடுத்த வரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் வரிக் கடைசியில் பின்சாய்கோடு போட வேண்டும். அதனால் அது காட்டும் வரி எண்ணைப் பெரும்பாலும் நம்பலாம். அங்கே அடிக்கடி வரும் புகார் “இன்வேலிட் கமாண்ட் ரீரைட்என்ஜின்” என்பது, முகவரிகளை மாற்றி எழுதுவதற்கான ரீரைட்என்ஜின் என்ற கட்டளையே தனக்குத் தெரியாது என்று. எழுத்துப்பிழையா என்று தேடுவதற்கு முன்னால் அந்தக் கட்டளைக்குரிய மாட்யூல், அதாவது சர்வரோடு தனியாகச் சேர்க்கும் துணைநிரல், சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டளையின் பொருள் மாட்யூலில் இருக்கிறது, அது இல்லாவிட்டால் சொல் சரியாக இருந்தும் அகராதியில் இல்லை.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாத பகுபிழை. வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த அமைவை ஒட்டினால் நேர் மேற்கோள்குறிகள் வளைந்துவிடும், பகுப்பிக்கு அவை மேற்கோளே அல்ல. நோட்பேடில் சேமித்த சில கோப்புகளின் தலையில் பைட் வரிசைக் குறி என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது என்ஜின்எக்ஸ் “அன்நோன் டைரக்டிவ் சர்வர்” என்று சொல்லும், நீங்கள் சர்வர் என்றுதான் எழுதியிருப்பீர்கள். மறைந்திருக்கும் எழுத்துகளையும் காட்டும் ‘கேட் -ஏ’ கட்டளையைப் போட்டுப் பார்த்தால், பெரிய எழுத்து ஏ, முதல் சொல்லுக்கு முன்னால் குப்பை மாதிரி சில எழுத்துகள் தெரியும். அதை நீக்கிவிட்டு மறுபடி ‘-டி’ போட்டுப் பாருங்கள், பகுபட்டுவிடும்.