டைஆக்ஸிஜனேஸ்: ஏற்றுவது யார், பெயர் யாருக்கு?

குவெர்செடின் என்பது தாவரங்களில் உள்ள ஒரு மஞ்சள் நிறமி. அதைச் சிதைக்கும் நொதியான குவெர்செடின் 2,3-டைஆக்ஸிஜனேஸைத் தமிழில் சிலர் ‘டை ஆக்சைடு நொதி’ என்கிறார்கள். அது வெறும் கவனக்குறைவு. ஆக்சைடுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதற்கு அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு பெயரான ‘ஆக்ஸிஜனேற்ற நொதி’தான் ஆளைக் கவிழ்க்கிறது.

வேர்களைப் பார்த்தால், குவெர்செடின் ஓக் மரத்தின் லத்தீன் பெயர்வழி வந்தது. ‘டை’ கிரேக்கத்தில் இரண்டு. ‘ஏஸ்’ 1833-இல் பெயர் பெற்ற, மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதியான டயஸ்டேஸின் வால். ஆக்ஸிஜனை நேரே மூலக்கூறுக்குள் சேர்க்கும் ஆக்ஸிஜனேஸ்கள் என்றொரு நொதி வகை உண்டென்று 1955-இல் உயிர்வேதியியலாளர்கள் ஒசாமு ஹயாய்ஷி குழுவும் ஹோவர்ட் மேசன் குழுவும் தனித்தனியே காட்டின.

பாடநூலில் ஆக்ஸிஜனேற்றம் என்றால் எலக்ட்ரான் இழப்பு. ஆக்ஸிஜனே இல்லாமலும் அது நடக்கும். லாக்கேஸ் ஓர் ஆக்ஸிடேஸ்: தாவரப் பீனால்களிடம் எலக்ட்ரானை உருவி ஆக்ஸிஜனிடம் கொடுக்கும், ஆக்ஸிஜன் நீராகிப் போய்விடும். டைஆக்ஸிஜனேஸோ ஆக்ஸிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் குவெர்செடினுக்குள்ளேயே செருகி, நடு வளையத்தை உடைத்து, மூன்றாம் கார்பனைக் கார்பன் மோனாக்சைடாக வெளியே தள்ளுகிறது. குவெர்செடினின் மூலக்கூறு நிறை 302, விளைபொருளுடையது 306. சாதாரண ஆக்ஸிஜனுக்குப் பதிலாக, அணுவுக்கு இரண்டு அலகு கனமான ஆக்ஸிஜன்-18 கொடுத்தால் 310; இரண்டு அணுவும் உள்ளே போனதற்கு அதுவே சாட்சி. உண்மையில் ஆக்ஸிஜனை ஏற்றுவது இது. ‘ஏற்றம்’ என்ற பெயரை எலக்ட்ரான் இழப்புக்குத் தாரை வார்த்துவிட்டோம்!

விளைவு ஆய்வகத்தில் தெரியும். ‘ஆக்ஸிஜனேற்ற நொதி’ என்ற பெயரை நம்பி இதை ஆக்ஸிடேஸ் என்றெண்ணி, ஆக்ஸிடேஸ்கள் பல உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தேடுபவருக்கு ஒன்றும் சிக்காது. நொதி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவார். பார்க்க வேண்டியது 380 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே ஒளி உறிஞ்சல் குறைவதை, அதாவது குவெர்செடினின் மஞ்சள் மங்குவதை. காரக் கரைசலில் குவெர்செடின் தானாகவே சிதையும் என்பதால், நொதி சேர்க்காத குழாய் ஒன்றும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

தனித்தமிழ் அன்பர்களின் வழியில் போனால் ‘ஈருயிர்வளியேற்றி’ வரும். உயிர்வளி நல்ல சொல்தான். ஆனால் ‘ஈருயிர்’ என்று தொடங்கினாலே பிள்ளைத்தாய்ச்சி நினைவுதான் வருகிறது. ‘ஏற்றி’ வேறு பழைய குழப்பத்தைத் திரும்பக் கூட்டி வருகிறது. தூய்மைக்காகத் தெளிவைப் பலி கொடுக்க என்னால் முடியாது.

‘ஈராக்ஸிஜன் புகுத்தி’ போதும். ஓரணுவைப் புகுத்தி மற்றதை நீராக்கும் மோனோஆக்ஸிஜனேஸ் ‘ஓராக்ஸிஜன் புகுத்தி’ ஆகட்டும். ஆக்ஸிடேஸ் அப்படியே இருக்கட்டும்.

இந்த நொதியைச் சில கட்டுரைகள் 2,4 என்று எண்ணிட்டு எழுதும். அணுக்கள் போய்ச் சேருவது இரண்டாம், நான்காம் கார்பன்களில் என்பதால் அப்படி. அச்சுப்பிழை என்று மொழிபெயர்ப்பாளர் திருத்திவிட வேண்டாம்.