தயவுசெய்து அந்த ஓய்வு நாளை வெட்டாதீர்கள்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடைப்பயணம் கிளம்புகிறவர்கள் மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கேட்டு என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் விமானம் ஏறுவதற்கு இரண்டு மூன்று நாட்கள் இருக்கும்போதுதான் வருகிறார்கள். முதுகுப்பை எத்தனை லிட்டர், ஷூவின் அடிப்பாகம் எப்படிப்பட்டது, தூக்கப்பை எத்தனை டிகிரி குளிர் தாங்கும் என்று எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறார்கள். எந்த இரவு எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப் போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் முழிக்கிறார்கள். "அதெல்லாம் ஏஜென்சி பார்த்துக்கொள்ளும் டாக்டர்."

சென்ற மாதம் வந்தவர் போய்த் திரும்பியவர். முப்பதைக் கடந்தவர், நெடுந்தூர ஓட்டக்காரர். விடுமுறை போதவில்லை என்று அவருடைய குழு வழியில் உள்ள டிங்போச்சே ஊரில் இருக்க வேண்டிய ஓய்வு நாளை வெட்டிவிட்டது. அங்கேயே அவருக்குத் தலைவலி. இரண்டு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, வழிகாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மறுநாள் 4,940 மீட்டரில் உள்ள லோபுச்சேவுக்கு ஏறிவிட்டார். அன்றிரவு வறட்டு இருமல். படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தாலும் இரைத்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. விடிந்ததும் ஹெலிகாப்டர் கிடைத்ததால் பிழைத்தார். எக்ஸ்ரேயை என் மேஜைமேல் வைத்துவிட்டு அவர் கேட்டது: "தினமும் ஓடுகிறவன் நான், எனக்கு எப்படி வந்தது?"

இந்தக் கேள்வி என் காதில் விழாத சீசனே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உடல்வலிமை வேறு, உயரத்துக்கு உடல் பழகுவது வேறு. ஓடிப் பழகியவரின் இதயமும் தசைகளும் கிடைக்கிற ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்தும். ஆனால் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அந்தக் குறைவுக்கு ஏற்ப மூச்சு மாற வேண்டும், சிறுநீரகம் ஈடுகட்ட வேண்டும், ரத்தம் மாற வேண்டும். இதற்கு நாட்கள் பிடிக்கும். மாரத்தான் ஓடியவருக்கும் நாட்கள் பிடிக்கும், மாடிப்படி ஏறவே சலித்துக்கொள்பவருக்கும் பிடிக்கும். சொல்லப்போனால் ஓட்டக்காரருக்கு ஆபத்து சற்றுக் கூடுதல். கால் ஓய்வு கேட்காததால் அவர் வேகமாக ஏறிவிடுவார். உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று மாதம் உழைத்தது வீணில்லை, நடை சுலபமாகும். ஆனால் உடல் பழகுவதற்குள் உயரம் ஏறுவதால் வரும் மலைநோயிலிருந்து அது உங்களைக் காக்காது. இளம்வயதும் காக்காது. போன முறை ஒன்றும் ஆகவில்லை என்பதும் உறுதி இல்லை. நான் எடுக்கும் ஈசிஜியும் டிரெட்மில் சோதனையும் இதயத்தைப் பற்றித்தான் பேசும். மலையில் உங்களுக்கு என்ன ஆகும் என்று கடல்மட்டத்தில் வைத்துச் சொல்லும் சோதனை எதுவும் என்னிடம் இல்லை. "ஊட்டிக்கு அடிக்கடி போவோம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். நடை தொடங்கும் லுக்லாவில் விமானம் தரையிறங்கும் இடமே அதைவிட உயரம்.

ஆகவே திட்டம் போடும்போது முதலில் நாட்களை எண்ணுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஒவ்வோர் இரவும் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் தூங்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இன்னோர் இரவு தங்க வேண்டும். முதல் இரவு தங்கும் பாக்டிங் 2,610 மீட்டர், அடுத்த இரவு நாம்சே பஜார் 3,440. ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம் என்பதால்தான் நாம்சேயில் இரண்டு இரவுகள். தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410. மறுபடி 550. அதனால் டிங்போச்சேயிலும் இரண்டு இரவுகள். இவை சோம்பலுக்காகச் சேர்த்த நாட்கள் அல்ல. அன்றும் பகலில் சற்று உயரம் ஏறிவிட்டு, தூங்கக் கீழே வந்துவிடுவார்கள். இந்த இரண்டு நாட்களை வெட்டி "எட்டே நாளில் பேஸ் கேம்ப்" என்று விற்கும் திட்டத்தை வாங்காதீர்கள். விடுமுறை கிடைக்காவிட்டால் நாம்சேவரை போய்த் திரும்புங்கள். லுக்லா விமானங்கள் வானிலை சரியில்லாமல் ரத்தாவது சகஜம். அதற்கும் இரண்டு நாள் கையில் வையுங்கள். வைக்காதவர்கள்தான் மேலே போய் ஓய்வு நாளைக் கடன் வாங்குகிறார்கள்.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்வது மலைநோயைத் தடுக்காது. கையடக்க ஆக்சிஜன் டின் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அசிட்டசோலமைடு மாத்திரை உதவும். வழக்கமாக 125 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. அது நோயை மறைக்கும் என்று நண்பர்கள் சொல்வது தவறு. உடல் பழகுவதை அது விரைவுபடுத்துகிறது. விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், பயப்படாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாத்திரை இருக்கிறதே என்று ஓய்வு நாளை வெட்டுவதும் கூடாது.

மலையில் தலைவலி வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது மலைநோய்தான். அதே உயரத்தில் தங்குங்கள். குறையவில்லை என்றால் இறங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ஆளைத் தனியாக விடாமல் அப்போதே கீழே கொண்டு போங்கள். தலைவலியோடு மதுவோ தூக்கமாத்திரையோ வேண்டவே வேண்டாம். சீசன் காலத்தில் டிங்போச்சேவுக்கு அருகே உள்ள பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவமனை இயங்குகிறது. பிற்பகலில் மலைநோய் பற்றி விளக்கம் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஷூவைப் பல வாரம் முன்பே வாங்கி, அதை அணிந்தே நடங்கள். பையில் எடை ஏற்றி மாடிப்படி ஏறுவதோடு இறங்கியும் பழகுங்கள், முழங்காலைப் படுத்துவது இறக்கம்தான். ஜீன்ஸும் பருத்திப் பனியனும் நனைந்தால் காயாது, வீட்டிலேயே இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினைச் சட்டைக்குள் உடலோடு ஒட்டி வையுங்கள், உறைந்துபோன இன்சுலினை நம்ப முடியாது. குளுக்கோமீட்டரும் கடுங்குளிரில் தவறாகக் காட்டலாம். காப்பீட்டுப் பாலிசியில் எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்ததா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சான்றிதழுக்கு ஒன்றரை மாதம் முன்பே வாருங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் சரிசெய்ய எனக்கும் நேரம் வேண்டும். வரும்போது பயணத் திட்டத்தின் அச்சுப் பிரதியைக் கொண்டு வாருங்கள். ஈசிஜி பார்ப்பதற்கு முன்பு நான் அதைத்தான் பார்ப்பேன்.