விலையைச் சொல்வது இரண்டாவது ஆள்

நூறு பேரிடம் இருக்கும் தபால்தலைக்கு விலை வைப்பது சுலபம். நேற்று எவ்வளவுக்குப் போனதோ, அதையொட்டி ஒரு தொகையைச் சொல்லிவிடலாம். உலகத்திலேயே நாலைந்துதான் இருக்கின்றன, கடைசியாகக் கைமாறி இருபது வருடமாகிறது என்றால்? குறைத்துச் சொன்னால் விற்பவருக்கு நஷ்டம், கூட்டிச் சொன்னால் பொருள் அப்படியே கிடக்கும். அரிய பொருள்கள் ஏலத்துக்குப் போவது அதனால்தான்.

ஏலம் எதை அளக்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம். ஒரு தபால்தலைக்கு மூன்று பேர் போட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் 8,000 வரை போகலாம் என்று மனதுக்குள் கணக்கு வைத்திருக்கிறார். அடுத்தவர் 5,000, மூன்றாமவர் 3,000. ஏலம் நூறு நூறாக ஏறுகிறது. 3,000 தாண்டியதும் மூன்றாமவர் ஒதுங்கிவிடுகிறார். இரண்டாமவர் 5,000 சொல்கிறார், முதல் ஆள் 5,100 என்கிறார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், முடிந்தது. அவர் மனதில் 80,000 இருந்திருந்தாலும் இதே 5,100தான். வென்றவருக்கு எவ்வளவு ஆசை என்பது ஏலத்தில் தெரியவே வராது. கடைசியாக விலகியவரின் ஆசைதான் விலையாகிறது.

அடுத்த மாதம் அதே தபால்தலையில் இன்னொன்று வெளியே வருகிறது. முதல் ஆளின் ஆல்பத்தில் அந்த இடம் நிரம்பிவிட்டது, அவர் வரமாட்டார். மீதி இரண்டு பேர் மோதினால் விலை 3,100. பொருள் அதே, தரமும் அதே, இரண்டாயிரத்தைக் காணோம்! "போன தடவை 5,100க்குப் போச்சே" என்று விற்பவர் புலம்புவதில் பயனில்லை.

உலகில் ஒன்றே ஒன்று இருப்பதாக அறியப்பட்ட 1856ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா தபால்தலை, 2014இல் சுமார் 95 லட்சம் டாலருக்குப் போனது. 2021இல் சுமார் 83 லட்சம்தான். முதல் தடவை வாங்கியவரே இரண்டாம் தடவை விற்றவர், அதாவது அன்று எல்லோரையும்விட அதிகம் கேட்ட ஆள் இப்போது போட்டியில் இல்லை. இதே தபால்தலையை ஒரு காலத்தில் வைத்திருந்த செல்வந்தர், இரண்டாவது பிரதி கிடைத்ததும் அதை வாங்கி எரித்துவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. பொய்யாகவே இருக்கட்டும், கதை கட்டியவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, நேரில் வராதவர்கள் எப்படிக் கேட்பது? மூடிய உறையில் தொகை எழுதி அனுப்பலாம். எழுதியதையே கட்ட வேண்டும் என்றால், எல்லோரும் அடுத்தவர் மனதை ஊகித்துக் குறைத்துத்தான் எழுதுவார்கள். அதிகம் எழுதியவருக்கே பொருள், ஆனால் அவர் இரண்டாமவரின் தொகையைக் கட்டினால் போதும் என்று மாற்றிப் பாருங்கள். 8,000 மதிப்பவர் 6,000 எழுதி என்ன லாபம்? வென்றால் விலை ஒன்றேதான். யாராவது 7,000 எழுதியிருந்தால் பொருள் கைநழுவிவிடும். உண்மையை எழுதுவதே ஆதாயம். பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961இல் இதைக் கணிதமாக நிறுவினார், 1996இல் பொருளாதார நோபல் பெற்றார். ஆனால் அமெரிக்கத் தபால்தலை வியாபாரிகள் 1893லேயே இந்த முறையில் தபாலில் ஏலம் நடத்திக்கொண்டிருந்தார்கள்! ஒரே ஓட்டை: உறைகளைப் பிரிப்பவர் வியாபாரி. 8,000 என்று பார்த்துவிட்டு "இன்னொருவர் 7,900 எழுதியிருக்கிறார்" என்று அவர் சொன்னால் நமக்குத் தெரியப் போவதில்லை.

ஈபே என்ற விற்பனைத் தளம் இதையே இணையத்துக்குக் கொண்டுவந்தது. உச்சத் தொகையை ரகசியமாகக் கொடுத்தால் போதும், அடுத்தவரைத் தாண்டத் தேவையான அளவே விலை ஏறும். அப்படியானால் நிம்மதியாக முதல் நாளே கொடுத்துவிடலாமே? அனுபவசாலிகள் கடைசி விநாடிக்குக் காத்திருக்கிறார்கள். அமேசான் முன்பு நடத்திய ஏலத்தில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் நேரம் பத்து நிமிடம் நீளும், அங்கே இந்தப் பழக்கம் குறைவு என்று பொருளாதார ஆய்வாளர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸும் கண்டார்கள். ஈபேயிலும் கணினிகளைவிடப் பழம்பொருள்களில்தான் இது அதிகம். காரணம் சுவாரசியமானது. போலியா அசலா என்று தெரிந்த ஆள் முன்னதாகக் கேட்டால், அவர் கேட்டதே மற்றவர்களுக்கு இலவசச் சான்றிதழாகிவிடும்.

விலையை உச்சியில் தொடங்கி இறக்கிக்கொண்டே வரும் டச்சு ஏலமும் உண்டு, முதலில் "எனக்கு" என்பவருக்குப் பொருள். கோட்பாட்டின்படி இதுவும், எழுதியதையே கட்டும் மூடிய உறையும் ஒன்றுதான். ஆனால் 1990களில் பொருளாதார ஆய்வாளர் டேவிட் லக்கிங்-ரெய்லி 'மேஜிக்' விளையாட்டுச் சீட்டுகளை இணையத்தில் இரண்டு விதமாகவும் விற்றுப் பார்த்தபோது, டச்சு முறையில் சுமார் 30 சதவீதம் கூடுதலாக வசூலானது. கோட்பாட்டைவிட மனிதர்கள் கொஞ்சம் கோணல்.

விற்பவர் தன்னைக் காத்துக்கொள்ள இருக்கும் நேர்மையான வழி, இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று ஒரு தொகை வைப்பது. அந்தத் தொகையே இரண்டாவது ஆளாக நின்று போட்டியிடும். சொந்த ஆளை விட்டு விலையை ஏற்றுவது மோசடி, நம்பிக்கை போனால் அடுத்த ஏலத்துக்கு ஆளே வராது.

நான் முதன்முதலில் ஒரு நாணயத்தை ஏலத்தில் விட்டபோது, கூட்டம் சேரட்டும் என்று ஆரம்ப விலையை அடிமட்டத்தில் வைத்தேன். கேட்டது ஒரே ஆள், ஆரம்ப விலைக்கே போய்விட்டது. அப்புறம் நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில், நாலு மடங்கு வரை கொடுக்கத் தயாராக இருந்ததாகவும் அவர் குறிப்பிட்டிருந்தார்.