தொடாமலே வேலை செய்த 100 கோடி டாலர்

போடி ஏலத்தில் ஒரு நாள் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். ஏலக்காய்க்கு எந்த அதிகாரியும் விலை எழுதி வைப்பதில்லை, மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் இதே கதைதான், மாதிரிக் காயை உருட்டிப் பார்த்து வியாபாரிகள் கேட்கிற தொகைதான் விலை.

போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த நாற்பது வருஷம் இது தலைகீழாக இருந்தது. பெரும்பாலான விலைகளை அரசு வைத்தது, கடையில் சாமான் இல்லை, டாலருக்கு வங்கியில் ஒரு விலை, வெளியே வேறு விலை. 1990 ஜனவரி 1 அன்று நிதியமைச்சர் பால்செரோவிச் மிச்சமிருந்த விலைகளில் பெரும்பாலானவற்றை ஒரேயடியாக அவிழ்த்துவிட்டார், கூடவே ஒரு டாலருக்கு 9,500 ஸ்வோட்டி (போலந்து நாணயம்) என்று கட்டியும் வைத்தார்.

சரி, அதை யார் நம்புவது? எல்லோரும் டாலர் கேட்டு ஓடிவந்தால் கஜானா ஒரே வாரத்தில் காலி.

இங்கேதான் ஐஎம்எஃப், அதாவது நெருக்கடியில் இருக்கிற நாடுகளுக்குக் கடன் தருகிற சர்வதேச நாணய நிதியம், வருகிறது. நம்மூர் சீட்டில் ஜாமீன் போடுகிறவர் காசு தருவதில்லை, ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் சீட்டுப் பணம் கைக்கு வராது, இல்லையா? ஐஎம்எஃப் கையெழுத்தும் அப்படித்தான், என்ன, அது கடனும் தரும். மானியத்தை வெட்டு, பற்றாக்குறையைக் குறை, சம்பள உயர்வைப் பிடித்து நிறுத்து என்று நிபந்தனை போட்டு, கணக்கைப் பார்த்துப் பார்த்துத் தவணையாகக் கடன் கொடுப்பது அதன் வழக்கம். அந்தக் கையெழுத்தை நம்பி மேற்கு நாடுகள் 100 கோடி டாலர் நிதியம் ஒன்றை ஸ்வோட்டிக்குப் பின்னால் நிறுத்தின. அதைக் கடைசிவரை யாரும் தொடவே இல்லை! பணம் இருக்கிறது என்று தெரிந்ததே போதுமாக இருந்தது. ஜனவரியில் மட்டும் ஏறத்தாழ 80 சதவீதம் ஏறிய விலைவாசி, மார்ச் மாதம் 5 சதவீதத்துக்குள் அடங்கியது.

ஆனால் அந்த வருஷக் கடைசியில் 10 லட்சம் பேருக்கு மேல் வேலையில்லாமல் நின்றார்கள். இதைப் பெரிய வெற்றி என்று எழுதுகிறவர்கள் இந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

அப்புறம் போலந்து மாதிரி மாறுகிற நாடுகளுக்காகவே 1991இல் லண்டனில் ஐரோப்பிய மறுகட்டமைப்பு வங்கி வந்தது. அது தனியார் ஆலைகளுக்கும் வங்கிகளுக்கும் நேரடியாகவே கடன் தரும், பங்கும் வாங்கும், அரசுத் துறைக்கு 40 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் விதி.

ரஷ்யாவில் இதே ஜாமீன் எடுபடவில்லை. 1998 ஜூலையில் 2,260 கோடி டாலர் உதவி என்று அறிவித்து, ஐஎம்எஃப் முதல் தவணையாக 480 கோடியைக் கொடுத்தும்விட்டது. ஆனால் அங்கே அரசுக்கு வரியே ஒழுங்காக வசூலாகவில்லை, சில மாதத்தில் முதிர்கிற கடன் பத்திரங்களை அநியாய வட்டிக்கு விற்றுத்தான் காலம் தள்ளியது. வந்த டாலரைப் பார்த்து யாரும் அமைதியாகவில்லை, அதை வாங்கிக்கொண்டு கிளம்பத்தான் முண்டியடித்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று ரூபிளை விழவிட்டு, உள்நாட்டுக் கடனுக்கும் அரசு கையை விரித்துவிட்டது.