ஒரு டம்ளர் தண்ணீருக்கு நான்கு பெயர்கள்

பெங்களூரில் இருக்கும் என் தங்கை மகளுக்கு மூன்றரை வயது. அம்மாவிடம் "தண்ணி வேணும்" என்பாள். எதிர்வீட்டு அஜ்ஜியிடம் போனால் "நீரு பேக்கு". பள்ளியில் மிஸ்ஸிடம் "வாட்டர்". கீழே சேர்ந்து விளையாடும் பிள்ளைகளிடம் "பானி". யாரிடம் எதைப் பேச வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

போன வருடம் அவள் போய்க்கொண்டிருந்த மழலையர் பள்ளியில் தங்கையைக் கூப்பிட்டுப் பேசினார்கள். "இத்தனை மொழி காதில் விழுந்தால் குழந்தை குழம்பிவிடும், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்." தங்கை பயந்துபோய், பெற்ற மகளிடம் தமிழில் பேசுவதை நான்கு மாதம் விட்டுவிட்டாள். அந்த நான்கு மாதம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குழம்பிவிடும் என்ற பயம் பழையது. வேல்ஸ் நாட்டில் 1923இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இருமொழிப் பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்குகிறார்கள் என்றது. வசதி, வளர்ப்பு, பள்ளி போன்ற வேறுபாடுகளை அந்தக் காலத்து ஆய்வுகள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1962இல் கனடாவின் மான்ட்ரியலில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் இருவரும் ஒரே மாதிரியான குடும்பப் பின்னணி உள்ள பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் பின்தங்கவில்லை, முன்னே நின்றார்கள். ஆய்வுலகம் அந்தப் பயத்தை விட்டு அறுபது வருடம் ஆகிறது. பள்ளிக்கூட வாசல்களில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

குழந்தை மொழிகளைப் பிரித்தறியத் தொடங்குவது நாம் நினைப்பதற்கு வெகு முன்னால். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் குரல் உள்ளே கேட்கிறது. சொற்கள் தெளிவாகக் கேட்காது, பேச்சின் தாளம் கேட்கும். கனடாவின் வான்கூவரில், பிலிப்பைன்ஸ் நாட்டின் தகலாக் மொழியும் ஆங்கிலமும் பேசும் தாய்மார்களுக்குப் பிறந்த சிசுக்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தையிடம் கேள்வி கேட்பது எப்படி? வாயில் ரப்பர் காம்பு வைத்து, பேச்சைக் கேட்கும்போது எவ்வளவு வேகமாகச் சப்புகிறது என்று அளக்கிறார்கள். ஆர்வம் கூடினால் சப்புவதும் கூடும். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த சிசுக்கள் ஆங்கிலத்தை விரும்பின. இருமொழித் தாய்மாரின் சிசுக்கள் இரண்டிலும் ஆர்வம் காட்டின. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலந்துகொள்ளவில்லை. ஒரு மொழி மாறி மற்றொன்று வந்ததும் அவற்றுக்குத் தெரிந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது ஒலிகள். 'பட்டு', 'பத்து' இரண்டையும் நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலம் மட்டுமே அறிந்த ஒருவருக்கு அந்த டகரமும் தகரமும் ஏறக்குறைய ஒரே ஒலி. 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் இந்தியின் இதே டகர, தகர வேறுபாட்டை ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் போட்டுக்காட்டினார்கள். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே பிடித்தார்கள். எல்லா ஒலிக்கும் திறந்திருந்த காது, ஒரு வயதுக்குள் தன்னைச் சுற்றிப் புழங்கும் ஒலிகளுக்கு மட்டும் கூர்மையாகிவிடுகிறது. இரண்டு மொழி கேட்கும் குழந்தைக்கு இரண்டின் ஒலிகளும் தங்கும். நம் ழகரமும் ளகரமும் அப்படித் தங்கவேண்டியவைதான்.

தங்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். இதைக் கைப்பேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலை பார்க்கும் வீடுகளுக்காக அழுத்திச் சொல்கிறேன். பட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் பன்னிரண்டு முறை உட்கார்ந்து விளையாடினார்கள், படப் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. முகம் பார்த்து, கண்ணைத் தொடர்ந்து, சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கும் ஒருவரிடமிருந்துதான் அந்த வயதில் மொழி ஏறுகிறது.

இனி, "இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை" என்ற கவலை. என் தங்கை மகள் விஷயத்திலும் அதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. பள்ளியில் எண்ணியது அவளுடைய ஆங்கிலச் சொற்களை மட்டும். தோசை, கரண்டி, கொடி, அடுப்பு எல்லாம் தமிழில் அவளிடம் இருந்தன, அவை யாருடைய கணக்கிலும் சேரவில்லை. அமெரிக்காவின் மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளரும் சிறு பிள்ளைகளை ஆராய்ந்து 1993இல் வெளியான முடிவு இதைத்தான் சொல்கிறது: இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணினால், ஒருமொழிப் பிள்ளைகளுக்கு அவர்கள் குறைந்தவர்கள் இல்லை.

கலந்து பேசுவதைக் குழப்பம் என்கிறார்கள். உற்றுக் கேளுங்கள். "ஷூவைக் கழட்டிட்டேன்", "பஸ்ஸுல போனோம்", "கலர் பண்றேன்". ஆங்கிலச் சொல் வந்தாலும் வேற்றுமை உருபு பிசகுவதில்லை, 'பண்' தன் இடத்தில் நிற்கிறது. "பண்றேன் கலர்" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழ்ப் பேச்சில் வந்து விழும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களை டேவிட் சான்காஃப், ஷானா பாப்ளாக், சுவாதி வன்னியராஜன் மூவரும் 1990இல் ஆராய்ந்து, அவை தமிழ்ப் பெயர்ச்சொற்களைப் போலவே உருபு ஏற்கின்றன என்று காட்டினார்கள். குழம்பிய மனத்துக்கு இந்த ஒழுங்கு வராது.

அப்படியென்றால் மனதுக்குள் மொழிகள் தனித்தனி அறைகளில் இருக்கின்றனவா? எனக்கு மிகவும் வியப்பளித்தது இதற்கான பதில். இல்லை. ஒன்றைப் பேசும்போது மற்றதும் விழித்தே இருக்கிறது. மைக்கேல் ஸ்பைவி, வியோரிகா மரியன் 1999இல் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களின் கண் அசைவைப் பதிந்தார்கள். மேசையில் சில பொருட்கள். "தபால்தலையை எடுத்து வை" என்று ரஷ்ய மொழியில் சொல்கிறார்கள். தபால்தலைக்கு அங்கே வரும் சொல் 'மார்க்கு'. கேட்டவரின் கண், மேசையில் கிடந்த மார்க்கர் பேனாவுக்கு ஓடிவிட்டுத் திரும்புகிறது. மார்க்கர் ஆங்கிலச் சொல், பேச்சில் அப்போது ஆங்கிலமே இல்லை. நம் சமையலறையில் "காரம்" என்று தொடங்கும்போது, தரையில் கிடக்கும் பொம்மைக் காரின் பக்கம் பிள்ளையின் கண் ஒரு கணம் போவதற்கு இடமுண்டு.

இரண்டும் விழித்திருந்தால், வேண்டாததைப் பிடித்து நிறுத்த வேண்டும். இருமொழி மனத்தின் ஓயாத வேலை அதுதான். எலன் பியாலிஸ்டாக் குழுவினர் 2004இல் இதை அளக்க முயன்றபோது, கனடாவில் ஆங்கிலம் மட்டும் பேசுபவர்களோடு ஒப்பிட எடுத்துக்கொண்டவர்களில் இந்தியாவில் வாழும் தமிழ்-ஆங்கிலம் பேசுபவர்கள் முக்கியமானவர்கள். திரையில் வண்ணச் சதுரம் இடப்பக்கமோ வலப்பக்கமோ தோன்றும். பக்கத்தைப் பொருட்படுத்தாமல் வண்ணத்துக்கு உரிய விசையை அழுத்த வேண்டும். பக்கம் இழுக்கும், அதை அடக்க வேண்டும். நம்மவர்கள் குறைவாகவே தடுமாறினார்கள், முதியவர்களிடம் வேறுபாடு இன்னும் கூடியது. ஆனால் பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் இந்த அனுகூலம் தென்படவில்லை. ஆகவே "இருமொழி பேசினால் மூளை கூர்மையாகும்" என்று விளம்பரம்போல் சொல்ல நான் தயாரில்லை. ஆச்சியோடு பேசுவதற்கு ஒரு மொழி வேண்டும் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

முதுமையைப் பற்றிய ஒரு செய்தியை மட்டும் விட மனமில்லை. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர், மறதிநோய் கண்ட 648 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேல் பேசிய 391 பேருக்கு நோய் சராசரியாக நாலரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த இடைவெளி இருந்தது. படிப்பினால் வந்த பலன் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. தெலுங்கும் உருதும் தெருவிலேயே கலந்து கிடக்கும் ஊர் அது.

தங்கை இப்போது மகளிடம் மறுபடியும் தமிழ் பேசுகிறாள். ஞாயிறு தோறும் திருநெல்வேலியிலிருந்து ஆச்சி வீடியோ காலில் வருகிறாள். அதுவும் திரைதானே என்று கேட்கலாம். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், பதிவு செய்த படத்திலிருந்து கற்காத புதுச் சொற்களை, நேரலையில் பதில் பேசும் ஆளிடமிருந்து கற்கிறார்கள் என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆச்சி பதில் பேசுவாள், திருப்பிக் கேட்பாள், சமயத்தில் அதட்டவும் செய்வாள்.

போன ஞாயிறு தங்கை மகள் எதிர்வீட்டில் விளையாடிவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். திரையில் ஆச்சி. "ஆச்சி, நீரு பே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள். "தண்ணி வேணும்" என்றாள். "அதுக்கு ஒங்கம்மைகிட்டல்லா கேக்கணும், நான் எங்கன இருந்து தார?" என்று சிரித்தாள் ஆச்சி.